பந்தயத்துக்குப் போய்த் திரும்பிய வண்டி

பெரம்பலூர்த் தேநீரைப் பற்றி யாரும் ஸ்தலபுராணம் பாடி வைக்கவில்லை. ஆனாலும் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற நெடுஞ்சாலையில், விடியற்காலை ஐந்து மணிக்கு விழித்துக்கொண்டு விளக்கேற்றி வைத்திருக்கும் ஊர்களில் அதுவும் ஒன்று. அரியலூருக்குப் போகும்போதெல்லாம் நான் இங்கே ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி, அடுத்த பஸ்ஸுக்காக ஒரு கடையின் பெஞ்சியில் காத்திருப்பது வழக்கம்.

சமீபத்தில் ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, முதலில் ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் வண்டி வந்தது. வெள்ளை வெளேரென்று, தரையோடு தரையாக, எழுந்து நிற்கச் சோம்பல்பட்ட பிராணியைப் போல இருந்தது. முதுகின் மேல் ஓர் இறக்கை; ஆகாய விமானத்துக்குச் செய்ததை யாரோ ஞாபகப் பிசகாக மோட்டாரில் மாட்டிவிட்டாற்போல் தெரிந்தது. கடைக்கு முன்னாலிருந்த வேகத்தடையைக் கண்டதும் வண்டி தயங்கி நின்றது. பிறகு மூக்கை மட்டும் மெல்லத் தூக்கிக்கொண்டு, புடவை நனையாமல் வாய்க்காலைத் தாண்டும் அம்மாள் மாதிரி, அதைக் கடந்து வந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிக்காரர்கள் டம்ளரைக் கையில் பிடித்தபடி சிரித்தார்கள்.

இறங்கியவர் நல்ல மனிதர். தேநீர் கொடுத்த பையன் கேட்ட கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

"அண்ணா, இது ரேஸ் வண்டியா, ரோட்டு வண்டியா?"

"ரெண்டுந்தான் தம்பி."

பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கும்தான். ஆனால் அவர் சொன்னது நிஜம். அது போர்ஷே கம்பெனியின் 911 ஜி.டி.3 ஆர்.எஸ். என்கிற வண்டி, 2022-ல் வெளிவந்தது. நான்கு லிட்டர் யந்திரம், 525 குதிரைச் சக்தி. நிமிஷத்துக்கு 9,000 சுற்று வரையில் சுழலும். மணிக்கு 285 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அந்த இறக்கையும் உடம்பின் மற்ற வளைவுகளும் சேர்ந்து, காற்றைக்கொண்டே வண்டியை 860 கிலோ பாரத்தால் தரையோடு அமுக்கிப் பிடிக்கின்றன. வண்டியின் எடையோ 1,450 கிலோதான். பந்தயத் தளத்தில் வளைவுகளைச் சீறித் திரும்புவதற்கென்றே செய்தது. அப்படியிருந்தும் அதற்கு நம்பர் பலகை உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு, திரும்பும் விளக்கு உண்டு. நம் நாட்டில் விலை மூன்று கோடி ரூபாய்க்கு மேல். இதே வண்டியின் சகோதரன் ஜி.டி.3 கப் என்பது. அது பந்தயத்துக்கு மட்டும். நடிகர் அஜித்குமாரின் குழு 2025 ஜனவரியில் துபாயின் 24 மணிப் பந்தயத்தில் தன் வகுப்பில் மூன்றாவதாக வந்தது அந்தச் சகோதரனில்தான். அதற்கு நம்பர் பலகை கிடையாது. பெரம்பலூருக்குத் தேநீர் குடிக்க வர முடியாது.

பந்தயத்துக்குப் பிறந்த வண்டியை எதற்காகத் தெருவுக்கும் லாயக்காக்க வேண்டும்? அப்படி ஆக்கிய வண்டிகளை எதற்காகச் செல்வந்தர்கள் தங்கத்தைவிடப் பத்திரமாகச் சேர்த்து வைக்கிறார்கள்? பையனுடைய கேள்விக்குள் இந்த இரண்டு கேள்விகளும் ஒளிந்திருந்தன. அரியலூர் பஸ் வருவதற்குள் இதைச் சற்றுப் பார்த்துவிடலாம்.

மோட்டார்ப் பந்தயத்தின் ஆதிகாலத்தில் இரண்டு ஜாதி வண்டிகள் இருக்கவில்லை. வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போவார்கள், பந்தயத்தில் ஓட்டுவார்கள், வண்டி பிழைத்திருந்தால் அதிலேயே வீடு திரும்புவார்கள். வேகம் ஏற ஏறத்தான் பிரிவினை வந்தது. பிரிந்ததை மறுபடி ஒட்டவைத்தவை இரண்டு: ஒன்று விற்காமல் கிடந்த சரக்கு, மற்றொன்று பந்தயச் சட்டம்.

முதலாவதற்கு இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனி உதாரணம். அவர்களுடைய டி-டைப் வண்டி 1955, 1956, 1957 என்று மூன்று வருஷம் தொடர்ந்து பிரான்ஸின் லெ மான் பந்தயத்தை ஜயித்தது. ஆனால் 1956-ன் முடிவில் கம்பெனி தன் பெயரில் பந்தயம் ஓடுவதை நிறுத்திக்கொண்டது. 25 வண்டிகள் மிச்சம். என்ன செய்வது? பின்னாலிருந்த துடுப்பை வெட்டினார்கள். பக்கத்து ஆசனத்துக்கு ஒரு கதவு வைத்தார்கள். கண்ணாடியும் துணிக்கூரையும் போட்டார்கள். எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்று பெயர் சூட்டினார்கள். 1957 பிப்ரவரி 12-ஆம் தேதி தொழிற்சாலையில் தீப்பற்றியது. அந்த 25-ல் ஒன்பது எரிந்துபோயின. பதினாறுதான் உலகத்துக்கு வந்தன. தீ வைத்த அழகு என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பதினாறும் இன்று சேகரிப்பவர்களின் கனவில் வருகின்றன. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மக்வீனிடம் அவற்றில் ஒன்று இருந்தது.

இரண்டாவது காரணம் சட்டம். சில பந்தயங்களில், "கடையில் விற்கிற வண்டிதான் ஓடலாம், குறைந்தபட்சம் இத்தனை செய்திருக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டார்கள். இத்தாலியின் ஃபெராரி 1962-ல் 250 ஜி.டி.ஓ. வண்டியைக் கொண்டுவந்தபோது வேண்டிய எண்ணிக்கை நூறு. அவர்கள் செய்தது 36. "இது பழைய வண்டியின் திருத்திய பதிப்புத்தானே" என்று சாதித்துத் தப்பித்தார்கள். அன்று சுமார் 18,000 டாலருக்குப் போன அவற்றில் ஒன்று, 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போயிற்று.

போர்ஷேக்காரர்கள் யோக்கியமாக நடந்துகொண்டார்கள். சட்டம் 500 கேட்டது. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் கரேரா ஆர்.எஸ். வண்டியை வைத்தார்கள். ஐந்நூறு விற்குமா என்று கம்பெனிக்குள்ளேயே பலருக்குச் சந்தேகம். ஏனெனில் எடையைக் குறைப்பதற்காகப் பின் ஆசனத்தை எடுத்துவிட்டார்கள், கடிகாரத்தை எடுத்துவிட்டார்கள், தகட்டையும் கண்ணாடியையும் மெலிதாக்கினார்கள். ஆனால் சில வாரங்களில் ஐந்நூறும் தீர்ந்துவிட்டது. கடைசியில் 1,580 செய்தார்கள். சௌகரியங்களைத் திருப்பி வைத்த வண்டியும் உண்டு, வைக்காத வண்டியும் உண்டு. இன்றைக்கு அதிக விலை போவது வைக்காததுதான். இல்லாத கடிகாரத்துக்கு மனிதன் பணம் கொடுக்கிறான்! நம் தேநீர்க் கடைக்கு வந்த வெள்ளை வண்டி இந்தக் கரேராவின் பேரப்பிள்ளை.

ஆக, சேகரிப்பவரை மயக்குவது வேகம் மாத்திரம் அல்ல. குறைவான எண்ணிக்கை ஒன்று. "இது பந்தயத்தில் ஓடியது, அல்லது ஓடியதற்கு உடன்பிறப்பு" என்ற சாட்சி இன்னொன்று. வண்டியின் பக்கத்தில் ஒரு பழைய நசுங்கல் இருந்தால், அது எந்த வருஷம் எந்த வளைவில் ஏற்பட்டது என்று சொல்லக் காகிதம் இருந்தால், அந்த நசுங்கலுக்கும் விலை உண்டு.

அரியலூர் பஸ் வந்துவிட்டது.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்டு லாரிகளும் வந்தவண்ணம் இருக்கும். இந்தப் பூமி ஒரு காலத்தில் சமுத்திரத்தின் அடியில் கிடந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சங்குகளும் சிப்பிகளும், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் என்ற பிராணிகளும் கல்லாகி இங்கே கிடக்கின்றன. அம்மோனைட் இனம் பூண்டற்றுப் போய் 6 கோடியே 60 லட்சம் வருஷமாகிறது.

சேகரிக்கும் பைத்தியம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1840-களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலும் விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கங்களிலும் இந்தக் கற்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற பண்டிதர் அவற்றை ஆராய்ந்து 1846-ல் அறிக்கை வெளியிட்டார். பின்னால் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை அடுக்குப் பிரித்தபோது, ஓர் அடுக்குக்கு அரியலூர் என்றே பெயர் வைத்தார். ஸ்டோலிஸ்கா என்பவர் இந்தக் கல்லுயிர்களைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதிக் குவித்தார். 1874-ல் லடாக் மலைகளில் யாத்திரை போன இடத்தில் இறந்துபோனார்.

மோட்டாரைப் பற்றிச் சொல்ல வந்தவன் சங்கைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம். கல்லுயிர் சேகரிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கல்லோடு ஒரு சிறு சீட்டு இருக்கும்: எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு, யார் எடுத்தது. சீட்டு தொலைந்துவிட்டால் அந்தக் கல் அழகாக இருக்கலாம். ஆனால் அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. இந்தச் சீட்டு விஷயம் அன்று மத்தியானத்துக்குள் எனக்குத் தேவைப்படும் என்று பஸ்ஸில் எனக்குத் தெரியாது.

அரியலூரில் நான் பார்க்கப் போனவர் ஒரு பழைய மோட்டார் மெக்கானிக். எழுபத்தைந்தைத் தாண்டியவர். வாலிபத்தில் சென்னையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். பிற்பாடு சொந்த ஊருக்கு வந்து லேத்துப் பட்டறை வைத்தார். கொட்டகையின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், அவருடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிற்கிறது. இரண்டு கதவு; மங்கிப்போன பச்சை. கதவில் வெள்ளை வட்டமும் அதற்குள் ஒரு நம்பரும் இருந்த அடையாளம் இன்னும் லேசாகத் தெரியும்.

ஹெரால்ட் சென்னையிலேயே 1961 முதல் தயாரான வண்டி. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். யந்திரம் 948 சி.சி. அதே சேஸிஸைக் குறுக்கித்தான் ட்ரையம்ஃப்காரர்கள் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரைச் செய்தார்கள். ஆகவே ஹெரால்டுக்குள் ஒரு பந்தயக் குதிரை தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நம்பினவர்கள் அந்த நாளில் பலர். எழுப்பிவிடுவதற்கு ஓர் இடமும் இருந்தது.

அதுதான் சோழவரம். சென்னைக்கு வடக்கே கல்கத்தா ரஸ்தாவில் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்துக்காக அங்கே ஒரு விமான ஓடுபாதை போட்டிருந்தார்கள். 1953-ல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. ஓடுபாதை பந்தயப் பாதையாயிற்று. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயமுத்தூர் என்று பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அன்று இந்தியாவில் கிடைத்தது முக்கியமாக மூன்று கார்: அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்ட். செல்வந்தர் சிலர் வெளிநாட்டு வண்டி கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் ஆபீசுக்குப் போகும் காரையே பந்தயத்துக்கும் கொண்டுபோனார்கள்.

"சனிக்கிழமை ராத்திரி ஹெட்டை இறக்குவோம், தம்பி" என்று பெரியவர் ஒருதரம் எனக்குச் சொல்லியிருக்கிறார். "லேத்துல வச்சு ஒரு நூல் சீவுவோம். அமுக்கம் ஏறும். ஒரு கார்புரேட்டர் இருக்கிற எடத்துல ரெண்டு. பின் சீட்டு, தரை விரிப்பு, ஸ்டெப்னி எல்லாம் வெளியே. காலையில சோழவரம். சாயங்காலம் எல்லாத்தையும் திருப்பிப் போட்டு, திங்கட்கிழமை மொதலாளி அதே வண்டியில ஆபீஸ் போவார்."

போர்ஷே தொழிற்சாலையில் எஞ்சினியர்கள் கூடிச் செய்ததை, இவர்கள் ஒரு ராத்திரியில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள்! பின் ஆசனத்தைக் கழற்றுகிற ஞானம் ஜெர்மனிக்கு மட்டும் சொந்தமல்ல. பந்தயத்துக்கும் தெருவுக்கும் ஒரே வண்டி என்பது அங்கே சட்டத்தால் வந்தது. நம்மிடம் இல்லாமையால் வந்தது. 1980-களில் பெங்களூரிலிருந்து சிபானி டால்ஃபின் என்று ஃபைபர் உடம்பு வைத்த ஒரு சின்ன வண்டி வந்தது. குடும்பஸ்தர்கள் அதைக் கண்டு பயந்தார்கள். எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பந்தயக்காரர்கள் அதைத் தேடிப் பிடித்தார்கள்.

பிறகு காலம் மாறியது. கோயமுத்தூர் கரிவரதன் மாருதி யந்திரத்தை வைத்து ஒற்றை ஆசனப் பந்தய வண்டிகளை இங்கேயே செய்தார். 1995-ல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்குச் சொந்தத் தளம் திறந்தாயிற்று. நல்ல முன்னேற்றம், உயிருக்குப் பாதுகாப்பு. ஆனால் அதற்குப் பின் பந்தய வண்டி லாரியில் ஏறித் தளத்துக்குப் போகத் தொடங்கியது. தெருவும் பந்தயமும் பிரிந்தன. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தபோது, தெருவை அடைத்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

சட்டமும் பிரித்தது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அநேகத் திருத்தங்கள் அபாயமானவைதான். சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு வேடிக்கையானது. ஒரு நாள்கூடப் பந்தயம் ஓடாத மூன்று கோடி ரூபாய் வண்டி "ரெண்டுந்தான் தம்பி" என்று நெடுஞ்சாலையில் நிற்கலாம். இரண்டுமாக நிஜத்தில் வாழ்ந்த ஹெரால்ட் இன்று பந்தயத்துக்கும் போகாது, தெருவுக்கும் வராது.

அன்று என்னை அவர் வரச்சொன்ன காரணமும் இதுதான். சென்னையில் பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் ஹெரால்டை வாங்க முன்வந்திருந்தார். நல்ல விலை. பேத்தியை நர்ஸிங் படிக்க வைக்க அந்தப் பணம் போதும். ஒரே ஒரு நிபந்தனை: இரட்டைக் கார்புரேட்டரையும், சீவிய ஹெட்டையும், மாற்றின மற்றவற்றையும் எடுத்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடி ஆக்கித் தர வேண்டும். அவர் கேட்டது நியாயமே. 2021-ல் வந்த மத்திய சர்க்கார் விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய வேண்டுமானால், சேஸிஸிலும் உடம்பிலும் யந்திரத்திலும் பெரிய மாறுதல் இல்லாமல் மூல உருவத்தில் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்தாலும் கண்காட்சிக்கும், பழைய கார்களின் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் போகலாம். தினப்படி ஓட்டக் கூடாது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "ஜாகுவாருக்கும் ஃபெராரிக்கும் பந்தயத்தில் ஓடியதற்காகக் கோடி கோடியாய்க் கொட்டுகிறார்களே! உங்கள் வண்டிக்கு மட்டும் ஓடியதை அழித்தால்தான் விலையா? மாட்டேன் என்று சொல்லுங்கள், அண்ணே" என்றேன்.

பெரியவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மூல உருவம்னா என்ன தம்பி? கம்பெனியில செஞ்சது மூணு மாசம் அப்படி இருந்திருக்கும். நாங்க மாத்துனது அம்பது வருஷமா இருக்கு. எனக்குத் தெரியாதா? ஆனா புள்ள படிக்கணும். நான் மாட்டுனேன், நானே கழட்டுறேன். வேற ஒருத்தன் கை வைக்கிறதுக்கு அது தேவலை."

அவருடைய மகன் தலையைக் குனிந்துகொண்டான். இதற்குமேல் பேச எனக்கு வாயில்லை. கதை எழுதுகிறவனுக்குப் பிறத்தியாருடைய சொத்தின்மேல் சுலபமாகப் பற்றுதல் வந்துவிடுகிறது. கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டியவன் அவனல்லவே.

அப்போதுதான் சீட்டு ஞாபகம் வந்தது. கல்லுயிர்க்காரர்களின் சீட்டைப் பற்றிச் சொன்னேன். கழற்றின சாமான்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் ஒரு பெட்டியில் வைத்து, என்ன, எப்போது, எதற்காக என்று எழுதி வண்டியோடு கொடுத்துவிடலாமே என்றேன். பெரியவர் யோசித்தார். பிறகு மகனைப் பார்த்து, "டேய், ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிட்டு வா" என்றார்.

அன்று பூராவும் அவர் சொல்ல மகன் எழுதினான். எந்த வருஷம் வண்டி கைக்கு வந்தது, ஹெட்டை எத்தனை நூல் சீவியது, வளைவில் பின்சக்கரம் உள்ளே மடங்குகிற ஹெரால்டின் பிறவிக் குணத்தை எப்படிச் சமாளித்தார்கள், எந்த வருஷம் கதவு நசுங்கியது, யார் யார் கூட இருந்தார்கள். அவனுக்குப் பாதி விஷயம் புதிது. தகப்பனார் பேசுவதை இவ்வளவு நேரம் அவன் கேட்டதில்லை என்று தோன்றியது. நோட்டில் பதினெட்டுப் பக்கம் ஆயிற்று.

சாயங்காலம் வாங்குகிறவருக்குப் போன் செய்து பெட்டியையும் நோட்டையும் பற்றிச் சொன்னார்கள். அவர் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, "கதவில் இருக்கும் வட்டத்தின் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றாராம். சேகரிப்பவர்களை நான் மனசுக்குள் திட்டியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

கிளம்புமுன் பெரியவர் தார்ப்பாயை விலக்கினார். ஹெரால்டின் பானெட், முன் மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் சாயும். யந்திரம் முழுக்கத் தாம்பாளத்தில் வைத்தாற்போல் தெரியும். இரண்டு கார்புரேட்டரையும் துணியால் துடைத்தார். மகன் சாவியைத் திருப்பினான். மூன்று தரம் இருமிவிட்டு நாலாம் தரம் பிடித்துக்கொண்டது.

காலையில் பெரம்பலூரில் கேட்ட சத்தம் இதைவிடப் பெரியது. ஆனால் அதைக் கேட்டு யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. பெரியவர் புகை பட்டுவிட்டது என்று சொன்னார். நானும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.